எங்கள் ஊர்க் கட்டில்

முதல் ரத்தம் உரலுக்குள் விழுந்தது. திருவட்டாறு பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், மத்தியான நேரம், நெல் குத்திக்கொண்டிருந்தேன். உலக்கையை ஓங்கும்போது இருமல் வந்தது. குனிந்து பார்த்தால் உமி நீங்காத அரிசியின்மேல் ஒரு கரண்டி அளவுக்கு ரத்தம். நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? மாமியார் கண்ணில் படுவதற்குள் அதை அள்ளிக் கோழிக்குப் போட்டேன். அரிசி பாழாய்ப் போனதற்கு ஏச்சு விழுமே என்ற பயம்தான் முன்னால் வந்தது.

உங்களில் யாருக்காவது இருமலோடு ரத்தம் வந்து, அதை மறைத்துக்கொண்டிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். போய்க் காட்டுங்கள். நான் மூன்று மாதம் மறைத்தேன். மூன்று மாதமும் என் ஒன்றரை வயசுப் பிள்ளை என்னிடம் பால் குடித்தான். அவனை நோய் தொடாமல் விட்டது என் புண்ணியம் ஒன்றுமில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் கேவிட்டி (நோய் அரித்து உண்டாகும் குழி) இருந்தது.

"இது வீட்டுல வச்சுப் பாக்குற நோய் இல்லம்மா. தினமும் ஊசி போடணும். ஆறு மாசமாவது இங்க படுக்கணும். கட்டில் கிடைச்சா பிழைச்சுக்கிடுவீங்க."

"கிடைக்கலன்னா?"

அவர் படத்தை உறைக்குள் போட்டார். என் கணவரைப் பார்த்து, "பிள்ளையை இவங்க பக்கத்துல விடாதீங்க," என்றார். அதுதான் பதில்.

கட்டில் விவகாரத்தைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். சுதந்திரம் வந்த புதிது. காச நோய்க்குத் தனி வார்டு வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். சர்க்காரிடம் பணம் போதவில்லை. கட்டடமும் டாக்டரும் மருந்தும் சர்க்கார் பொறுப்பு, கட்டிலும் சாப்பாடும் ஊர்களின் பொறுப்பு என்று முடிவாயிற்று. வசதியுள்ள ஊர்கள் அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு வீடு நெல் பிரித்துக் கொடுத்தன. எங்கள் ஆட்கள் சும்மா கொடுப்பார்களா? கோயில் விளக்கில் உபயம் என்று பேர் வெட்டிப் பழகிய கை. கட்டிலின் தலைமாட்டுத் தகட்டிலும் ஊர்ப்பேரை எழுதினார்கள். அந்த ஊர்க்காரர் மட்டுமே அதில் படுக்கலாம். மற்றவர்கள் வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கவேண்டும்.

வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு கட்டில், வெள்ளை விரிப்போடு காலியாக இருந்தது. தகட்டில் தோவாளைப் பக்கத்திலுள்ள நான் பிறந்த ஊரின் பேர். அப்பாடா என்று போய் உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க, எந்திரிங்க. இது உபயக் கட்டிலு," என்றாள் நர்ஸ்.

"எங்க ஊர்தான் அம்மா இது."

"கெட்டிக்கொடுத்த ஊரு எது?"

சொன்னேன். அந்த ஊர் ஒரு தலையணைகூடக் கொடுத்ததில்லை. விரிப்பில் விழுந்த சுருக்கத்தை அவள் கையால் நீவிச் சரிசெய்தாள்.

அந்தச் சட்டத்தை எழுதியவர் என் சொந்த அண்ணன். பள்ளிக்கூட வாத்தியார், ஊர்க் கமிட்டியின் காரியதரிசி, முத்து முத்தான கையெழுத்து. 'ஊர் வரியில் பேருள்ள வீட்டார்க்கு மட்டும்' என்று அவர்தான் எழுதிக் கொடுத்திருந்தார். கெட்டிக்கொடுத்த பெண்ணின் பேர் புருஷன் வீட்டு வரியில் போய்விடும். அதை எழுதும்போது அவருக்குத் தங்கை ஞாபகம் வரவில்லை. என் விஷயம் கேட்டதும் ஊரைக் கூட்டினார்.

கோயில் முன்னால் ஆண்கள் கூடினார்கள். நான் மதிலுக்கு வெளியே நின்று கேட்டேன். பெரியவர் ஒருவர் சொன்னார்: "இன்னைக்கு இவளுக்குக் கொடுத்தா, நாளைக்கு இங்கேருந்து கெட்டிக்கொடுத்த அத்தனை பேரும் வந்து படுப்பாளுவ. அந்தந்த ஊர்க்காரன் நெல்லு தரட்டும்." அண்ணன் அதையும் கமிட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு இன்னொருவர், "ஒரு வழி இருக்குல்லா. தீர்முறி எழுதிட்டா அவ நம்ம ஊர்க்காரிதானே?" என்றார்.

தீர்முறி (கணவன் மனைவி உறவை முறித்துக்கொள்ளும் பத்திரம்) எங்கள் சமுதாயத்தில் உண்டு. எல்லாருக்கும் நிம்மதி. சட்டமும் நின்றது, தர்மமும் செய்தாயிற்று. மதிலுக்கு வெளியே நான் முந்தானையில் துப்பிக்கொண்டிருந்தேன்.

"பேப்பர்லதானேட்டி. சொகமாயி வா, மறுபடியும் தாலி கெட்டிக்கிட்டாப் போச்சு," என்றார் என் கணவர். சொல்லும்போது அவர் அழுதார். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மாமியார் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தாலியைக் கழற்றி வைத்தேன். பிள்ளையைக் கொண்டுவரவில்லை. டாக்டர் சொன்னாரே, பக்கத்தில் விடக்கூடாது என்று.

கட்டில் கிடைத்தது. ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) தினமும் இடுப்பில் ஏறியது. இரண்டாம் மாதம் காய்ச்சல் விட்டது. மூன்றாம் மாதம் காதுக்குள் வண்டு ரீங்காரம் போட ஆரம்பித்தது. நடந்தால் தரை ஒருபக்கம் சாய்ந்தது. அந்த ஊசி சிலருக்குக் காதின் நரம்பைக் கெடுக்கும், நிறுத்தினால் நோய் முந்திக்கொள்ளும் என்றார் டாக்டர். "போடுங்க," என்றேன்.

என் ஜன்னலுக்கு வெளியே, வராந்தாவில், கடியப்பட்டணத்துப் பெண் ஒருத்தி கிடந்தாள். மீன் விற்றுப் பிழைத்தவள். அவள் ஊருக்கும் கட்டில் இல்லை. ஊசி அவளுக்கும் போட்டார்கள். ஆனால் சாரல் அடித்தால் பாய் நனையும், கஞ்சியும் யாராவது மிச்சம் வைத்தால்தான். உள்ளே மூன்று கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

ஒருநாள் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ நடக்கப் போற நேரம் நான் கொஞ்சம் அதுல படுத்துக்கிடட்டா?" என்று கேட்டாள்.

"நர்சு ஏசுவா," என்றேன்.

நர்ஸ் அப்போது அங்கே இல்லை. ஊரின் பேரைச் சொல்லி, பிள்ளையைக் கொடுத்து வாங்கிய கட்டில். ஒரு மணி நேரம்கூட விட மனசு வரவில்லை. அடுத்த வாரம் அவள் அந்தப் பாயிலேயே செத்தாள். மதிலுக்கு உள்ளே உட்கார்ந்து பேசியவர்களை இத்தனை வருஷம் சபித்தேனே, எனக்கு என்ன யோக்கியதை?

டாக்டர் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது உத்தரவு வந்தது. கட்டில், சாப்பாடு எல்லாம் இனிச் சர்க்கார் செலவு, எந்த ஊர்க்காரரும் எந்தக் கட்டிலிலும் படுக்கலாம். வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு ஒருவன் வந்து தகடுகளின் பேர்களை அழித்தான். வராந்தாவில் கிடந்தவர்களை உள்ளே தூக்கிவந்தார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? தர்மம் செய்கிறவன் மனசு எப்போது இரங்கும் என்று நோய் காத்திருக்காது. வரி வாங்குகிற சர்க்கார்தான் கட்டில் போடவேண்டும். இதைப் புரிந்துகொள்ள அந்த வராந்தாவில் எத்தனை பேர் சாகவேண்டியிருந்தது, சொல்லுங்கள்.

அண்ணன் அன்று சாயங்காலம் வந்தார். அழிந்த தகட்டைப் பார்த்தார். "தீர்முறி இல்லாமலே உனக்கு இது கிடைச்சிருக்கும் மக்கா," என்றார்.

"செத்திருப்பேன் அண்ணே. அஞ்சு மாசம் தாங்கியிருக்கமாட்டேன்," என்றேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை.

ஒன்பதாம் மாதம் சளியில் கிருமி இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு நேராகத் திருவட்டாற்றுக்குப் பஸ் ஏறினேன்.

வாசலில் ஒரு புதுப்பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கழுத்தில் கிடந்தது என் தாலி. மாமியார் எனக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் கொடுத்தாள், குடித்ததும் எறிந்துவிடலாம் அல்லவா. கணவர் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் ஆளு வேணும்லா. பேப்பரும் முறையா இருக்கு," என்றார். சீட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

என் மகன் அந்தப் பெண்ணின் காலைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். கிளம்பும்போது தரை சாய்ந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது: "அம்மா, அந்த மாமி ஏன் செவத்தப் புடிச்சிட்டு நடக்கா?"

அம்மா என்ற சொல்லுக்கு நான்தான் முதலில் திரும்பினேன். அவள், "அவ்வொளுக்குச் சொகமில்ல மக்கா," என்றாள். நல்ல பெண்.

வலது நுரையீரல் பாதி சுருங்கிவிட்டது. ஏழெட்டுப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறேன். இடது காதில் வண்டு ஓய்வதில்லை. மறுபடியும் அந்தப் பத்திரத்தை நீட்டினால் என்ன செய்வாய் என்று அண்ணன் ஒருமுறை கேட்டார். கையெழுத்துப் போடுவேன் என்றேன். யாராவது எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், ஒரு பையன், இன்னும் பால்குடி மறக்கவில்லை என்று வாயில் வந்துவிடுகிறது. அவனுக்குப் போன ஆவணியில் கல்யாணம் ஆயிற்றாம்.