ரிலே டெஸ்டர் ரெஜினாவும் பிரிக்பீல்ட்ஸ் வீடும்

ரெஜினா போய்விட்டாள்.

நேற்று விடியற்காலை, காஜாங்கில், அவள் அண்ணன் மகள் வீட்டில். தூக்கத்திலேயே என்றார்கள். போன வாரம்தான் போனில், "டீச்சர், கர்ட்டன் துணி நீ எடுக்காதே, உனக்குக் கலரே தெரியாது" என்று திட்டிக்கொண்டிருந்தாள்...

உங்களில் பலருக்கு அவளைத் தெரியாது. கிள்ளானில் டெக்னிக்கல் ஸ்கூலில் நான் எலக்ட்ரிக்கல் பாடம் எடுக்கத் தொடங்கிய புதிதில், பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தேன். பாதி அறை எனக்கு, பாதி அவளுக்கு. எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அப்படித்தான். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அவளுக்கு வேலை, ஒரு கான்ட்ராக்டர் கம்பெனியில் ரிலே டெஸ்டிங். வேனில் பெட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போவாள்.

ரிலே என்றால் என்ன என்று கேட்பீர்கள். உதாரணம் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது.

சர்க்கிட் பிரேக்கர் என்பது கேட்டில் காவல் நிற்கும் ஜாகா மாதிரி. நல்ல பலசாலி. "மூடு" என்றால் உடனே மூடிவிடுவார், ஆனால் எப்போது மூட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஓடுகிற கரண்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, அளவு மீறினால் குரல் கொடுக்கிற ஆள்தான் ரிலே. அந்த ஆள் தூங்கிப்போனால் கேபிள் எரியும், ஜாகா சும்மா நிற்பார்.

அந்த ஆள் விழித்திருக்கிறாரா என்று பார்ப்பதுதான் ரெஜினாவின் வேலை. இல்லாத கோளாறை இருப்பதுபோல் காட்டி கரண்ட் கொடுப்பாள், குரல் வருகிறதா என்று கவனிப்பாள்.

"பொய் சொல்லிப் பொழைக்கிறேன் டீச்சர். பாவசங்கீர்த்தனத்துல இதையே கேட்டுக் கேட்டு ஃபாதருக்குச் சலிச்சிப் போச்சு."

எங்கள் மேசையில் ஒரு பழைய ரிலே இருந்தது. கழற்றிப் போட்ட பேனலிலிருந்து கேட்டு வாங்கி வந்தது. கண்ணாடி மூடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு.

ஏதாவது யோசனை என்றால் மூடியைக் கழற்றி, அந்தத் தட்டை விரலால் தள்ளிவிடுவாள். கொஞ்ச தூரம் சுற்றும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் இழுக்க, அவசரமே இல்லாமல் திரும்பி வரும். அது வந்து நிற்கும்வரை அவள் பேச மாட்டாள். நானும் பேச மாட்டேன்.

அப்படிப் பேசாமல் உட்கார அப்புறம் எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

நேற்று மகன் என்னைக் காஜாங்குக்குக் கூட்டிப் போனான். அவள் அறை பளிச்சென்று இருந்தது. போர்வை துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஆன்டி வருவீங்கன்னு எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டேன்" என்றாள் அண்ணன் மகள். நல்ல பெண். என்ன சொல்வது... கண்ணாடியை எங்கே கழற்றி வைத்தாள், டீயைக் குடித்து முடித்தாளா, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாளா. அதையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன்.

ரெஜினாவாக இருந்தால் கத்தியிருப்பாள்.

ரிலே வேலை செய்தால் கண்ணாடிக்குள் சின்னதாக ஓர் ஆரஞ்சு அடையாளக் கொடி விழும், ஃப்ளேக் என்பார்கள். எந்த லைனில் என்ன கோளாறு என்று அது சொல்லும். அதைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் ரீசெட் செய்து அதை அழிக்கலாம்.

ஒரு பள்ளி விடுமுறையில் போர்ட் கிள்ளானில் ஒரு கோல்ட் ஸ்டோருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பிரேக்கர் டிரிப் ஆகிக் கரண்ட் நின்றிருந்தது, உள்ளே பெட்டி பெட்டியாக மீன். சூப்பர்வைசர் சிரித்த முகமாக வந்தார்.

"ஃப்ளேக் எல்லாத்தையும் நாங்களே ரீசெட் பண்ணிட்டோம் அக்கா. உங்களுக்கு வேலை மிச்சம்லா."

"திருடன் கால்தடத்தைக் கூட்டித் தள்ளிட்டு, திருடன் எங்கன்னு என்னைக் கேக்குறீங்க பாஸ். ரொம்ப தேங்க்ஸ்."

அன்று முழுக்க ஒவ்வொரு கேபிளாகச் சோதித்தாள். சாயங்காலம் அவர் ஐஸ் போட்ட டீ, தே ஆயிஸ், வாங்கி வந்து தயங்கி நின்றார்.

"கோபம் போச்சா அக்கா?"

"மீன் கெடறதுக்குள்ள போயிடும், வைங்க."

வருஷங்கள் ஓடின. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் சுங்கை பூலோவில் மகன் வீட்டுக்கு வந்தேன். போன தீபாவளி முடிந்து ஒரு நாள் அவளிடமிருந்து போன்.

"டீச்சர், நீ மகன் வீட்டு ஹாலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே. நான் அண்ணன் பொண்ணு வீட்டு ஹாலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து நம்ம ஹாலைப் பார்த்தா என்ன?"

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு ஃபிளாட் பார்த்தோம். லிஃப்ட் உண்டு. வீட்டுக்கார அம்மா சமையலறையை எனக்குக் காட்டிக்கொண்டிருக்க, இவள் வாசல் பக்கம் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்து டெஸ்ட் பட்டனை அமுக்கிவிட்டாள். ஃபேன் நின்றது, லைட் போனது.

"ஐயையோ, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. கரண்ட் கசிஞ்சா இது எங்களைக் காப்பாத்துமான்னு பார்த்தேன். காப்பாத்தும். வீடு எனக்குப் பிடிச்சிருக்கு."

சமையலறைப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் குடிபோவதாக இருந்தோம்.

இன்று மாலை அந்த வீட்டுக்கார அம்மா போன் செய்தார். விஷயம் அவருக்குத் தெரியாது. "நான் பேசி வேணாம்னு சொல்லிடட்டுமாம்மா? நீங்க தனியா எப்படி..." என்றான் மகன். இரு என்று கையைக் காட்டினேன்.

"சாவி ரெண்டு செட் வெட்டி வச்சிட்டேன் டீச்சர். எப்ப வந்து எடுத்துக்கிறீங்க?"

சனிக்கிழமை வருகிறேன் என்றேன். ரெண்டையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மகனிடம் போனைக் கொடுத்துவிட்டேன், மற்றதை அவன் சொன்னான்.

நாளைக் காலை காஜாங்கில் பூசை, பிறகு அடக்கம். அவளைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

எந்த அறை யாருக்கு என்று நாங்கள் பேசி முடிக்கவே இல்லை...

ஜன்னல் ரூம் உனக்குத்தான் ரெஜினா. நிம்மதியா தூங்கு.