அக்கா மாட்டிய ஜன்னல்

என் அக்காவை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் 'டாக்கீஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். போன மாதம் அவள் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். கடித்திருக்க வேண்டியதில்லை. அது அவள் விரும்பிய பெயர்.

பள்ளியில் அவள் கடகடவென்று வாசிப்பாள். புத்தகத்தை மூடிவிட்டு என்ன படித்தாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். "வாசிக்கிறது இவ, புரியிறது பக்கத்து வீட்டுக்கு" என்பாள் அம்மா. ஆனால் வானொலியில் கால்பந்து வர்ணனை கேட்டால் மட்டும், பந்து யார் காலில் இருந்தது, எந்த மூலையில் கோல் விழுந்தது என்று ஒரு வாரம் கழித்தும் சொல்வாள். இது மட்டும் எப்படி நிற்கிறது என்று அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள். வர்ணனை கேட்கும்போது மனதுக்குள் ஒரு மைதானம் இருந்தது. பாடம் படிக்கும்போது அங்கே வெறும் இருட்டு.

அதன்பின் படம் விரியாமல் எந்தப் பத்தியையும் அவள் தாண்டியதில்லை. பாடத்தில் ஆறு வந்தால் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கையால் காற்றில் காட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாள். பேச்சும் மாறிவிட்டது. தலைவலி என்று சொல்லமாட்டாள். "நெத்திக்குள்ள யாரோ மேஜையை இழுத்துட்டுப் போறாங்கடா" என்பாள். எனக்கே வலிக்கும்.

வேலையிலும் அதேதான். அழைப்பு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். "படம் போட்டாச்சு, சத்தம் போடாதீங்கப்பா" என்று பக்கத்து இருக்கைக்காரர் கிண்டல் செய்வார். படம் தெளியும்வரை அவள் கேள்வியை நிறுத்தமாட்டாள்.

ஒரு நாள் ஒரு பெண் பேசினாள். அன்று காலையில்தான் அந்த வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். கணவர் பெட்டி தூக்கும்போது சுருண்டு விழுந்துவிட்டார். மூச்சு இருந்தது, பேச்சில்லை. தெருப் பெயர் அவருக்குத்தான் தெரியும். அக்காவின் கணினித் திரையில் தெரிந்ததோ தோராயமான பகுதி மட்டும்.

"அழாதீங்கம்மா. தூங்குற குழந்தையைத் திருப்புற மாதிரி அவரை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வெச்சாச்சா? இப்ப ஜன்னல்கிட்ட போங்க. என்ன தெரியுது?"

"ஒரு பள்ளிக்கூட மைதானம்... பச்சை பெயிண்ட் அடிச்ச தண்ணித் தொட்டி."

அக்காவுக்கு அந்தப் பள்ளி தெரியும். அதன் எதிரில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஓட்டுநர் திரும்ப அழைத்தார். "டாக்கீஸம்மா, இங்க வீடே இல்ல. நீளமா ஒரு மதில் சுவர்தான்."

அக்கா கண்ணை மறுபடி மூடிப் படத்தைப் பார்த்தாள். அதில் ஜன்னலும் வாசலும் ஒரே பக்கம் இருந்தன. அந்தப் பெண் வாசலைப் பற்றிப் பேசவே இல்லையே, அது எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டிலிருந்து. எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் தெரு.

"அம்மா, காலையில லாரியில இருந்து இறங்கினப்ப மைதானத்தைப் பாத்தீங்களா?"

"இல்லங்க. மேல வந்த பிறகுதான் பாத்தேன்."

"இறங்கின இடத்துல என்ன இருந்துச்சு? சத்தம், வாசனை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"எதிர்ல ஒரு அச்சாபீஸ். மிஷின் ஓடிட்டே இருந்துச்சு. மை வாசனை."

அப்படியானால் மைதானம் வீட்டின் பின்பக்கம், வாசல் மறுபக்கத் தெருவில். அக்கா ஓட்டுநரிடம் கத்தினாள். "அண்ணே, மதிலைச் சுத்திப் பின்தெருவுக்குப் போங்க! அச்சாபீஸுக்கு எதிர் வீடு, மாடி!"

அந்தப் பெண்ணின் கணவர் பிழைத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுவல்ல. "நம்ம வீட்டு ஜன்னலைக் கழட்டிக் கொண்டுபோய் அவங்க வீட்டுல மாட்டிட்டேன்டா" என்றாள். அதற்குப் பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கண்ணை மூடுவதைப் பார்த்தாலே அவள் அதட்டுவாள்: "அவங்க சொல்லாத இடத்தைக் காலியா விடு. உன் வீட்டுச் சாமானைப் போட்டு ரொப்பாத. கேளு."

போன வாரம் அந்தத் தம்பதி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் நானும் அக்காவும் சேர்ந்து நிற்கும் படம் இருக்கிறது. அதில் அவள் தலை என் தோளுக்கும் கீழே. அந்தப் பெண் நெடுநேரம் அதையே பார்த்தாள்.

"இவங்களா? நல்ல உயரமா, வாட்டசாட்டமா இருப்பாங்கன்னு இல்ல நினைச்சுட்டிருந்தேன். எங்க பெரியம்மா மாதிரி."

"உங்க பெரியம்மாவை எங்க அக்கா நாற்காலியில உக்கார வெச்சுட்டீங்களா!" என்றேன். அக்கா போன பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கணவர் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு நான் நினைவில்லாம கெடந்தேன். அவங்க குரலைக்கூடக் கேக்கல. எப்படி இருப்பாங்க, சொல்லுங்க தம்பி."

நல்லவள், கெட்டிக்காரி என்றெல்லாம் வாய்வரை வந்தது. அதைக் கேட்டால் அவருக்குள் என்ன படம் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டேன். ஹெட்போன் தெரிந்தது, சுழலும் நாற்காலி தெரிந்தது.

"நாற்காலியில உக்காந்தா கால் தரைக்கு எட்டாதுங்க" என்று ஆரம்பித்தேன். "செருப்பு ரெண்டும் கீழ கெடக்கும்..."

அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.