'இரண்டு தம்ளர்' எபிசோடு

ஏழு மணி சீரியலுக்கென்று மெஹக் ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் தமிழில் பேச வரும், வம்பளக்க வரும், சண்டை போடவும் வரும். வாசிக்க மட்டும் வராது. பம்பாயில் பிறந்து இந்தி ஸ்கூலிலும் மராத்தி ஸ்கூலிலும் படித்தவர்கள், பாவம். அடுத்த நாள் எபிசோடின் பெயரை டிவிக்காரர்கள் முந்தின நாளே செல்போனில் போட்டுவிடுவார்கள். அதை வாசித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது மாரீஸ்வரியின் வேலை. வள்ளியூர்ப் பக்கம் எட்டாவது வரை படித்துவிட்டு, கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள் அவள். பை தைக்கும் பட்டறையில் பிசிறு வெட்டிக்கொண்டே பெயரை வாசித்து அனுப்புவாள். அதற்கப்புறம் நாள் முழுக்க, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று குழு அடித்துக்கொள்ளும்.

அன்றைக்கு வந்த பெயர், 'இரண்டு தம்ளர்'.

சீரியலில் வேணி என்று ஒருத்தி. புருஷன் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. முதல் எபிசோடிலிருந்து அவனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் டீ குடிக்கும் பித்தளைத் தம்ளர் அலமாரியில் அப்படியே இருக்கிறது. இவ்வளவுதான் கதை. இதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக ஓட்டுகிறார்கள்.

"பக்கா அவன் திரும்பி வாரான்!" என்று குதித்தாள் சீத்தா கேம்ப் மெஹக். "ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு அவளுக்கு. சிம்பிள்!"

"அடப்போளா," என்றாள் மான்குர்த் விஜயராணி. "வாரவன் தனியாவா வருவான்? கூட ஒருத்தியக் கூட்டிட்டு வருவான். ரெண்டு தம்ளரும் அவங்க ரெண்டு பேருக்கு. இவ போட்டுக் குடுக்கணும். அதான் கதை."

மெஹக்கின் அம்மா சைனபின் பேச்சில் எப்போதும் கொஞ்சம் இருட்டு கலந்திருக்கும். "மவுத்துச் சேதி சொல்ல ரெண்டு பேர் வருவாங்க புள்ள. வந்தவங்களுக்கு முதல்ல டீதான குடுப்போம்?"

சாவுச் சேதி என்றதும் மாரீஸ்வரிக்குச் சுருக்கென்றது. சாதாரணமாக அர்த்தம் சொல்வதில் கலந்துகொள்ள மாட்டாள். அன்றைக்கு விடவில்லை. "சும்மா கெடங்க. இத்தன நாளா அந்த வீட்டுக்கு எத்தன பேர் வந்தாச்சி? யாருக்காவது தம்ளர்ல டீ குடுத்திருக்காளா? எல்லாருக்கும் கப்புதான். தம்ளர்னா அவரு ஒருத்தருதான். அவரு வாராரு."

 குழுவில் கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. மாரி அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவாகிவிட்டது. அவள் குரல் ஏன் அப்படி நடுங்கியது என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் புருஷன் இசக்கிதுரை, பட்டறைக்கு, பையில் மாட்டும் பக்கிள் வாங்கிவருகிறேன் என்று தாணாவுக்கு ரயிலேறிப் போனவன். போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பிணவறை என்று அவள் ஏறி இறங்காத படியில்லை. செத்தானென்று சொல்ல ஓர் எலும்புகூட கிடைக்கவில்லை. இருக்கிறானென்று சொல்ல ஒரு போன்கூட வரவில்லை. எந்தப் பாவத்துக்கு இப்படி ஒரு தண்டனையோ, எழவு விழுந்த வீட்டில்கூட பதினாறு நாளில் அழுது முடித்துவிடுகிறார்கள்.

இப்போது மகன் தமிழ்செல்வனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பார்க்கிற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "அப்பா இருக்காரா, இல்லையா?" இருக்கிறார் என்றால் எங்கே என்பார்கள். இல்லை என்றால், அப்புறம் அம்மா கழுத்தில் தாலி எதற்கு என்பார்கள். இரண்டு சம்பந்தம் இதனாலேயே தட்டிப்போனது. கொழுந்தன் பிச்சையா சுனாபட்டியிலிருந்து வந்து, கையைப் பிசைந்துகொண்டே சொல்லிவிட்டான்.

"மதினி, ஆடி அமாவாசைக்கு மாஹிம்ல எள்ளும் தண்ணியும் விட்ருவோம். அண்ணன் இருந்தா நம்மள மன்னிக்கட்டும். பையன் நெலமையப் பாக்கணும்லா?"

"உசுரோட இருக்க மனுசனுக்கு எள்ளெறைக்கச் சொல்லுதியளா?" என்று அன்றைக்குச் சீறினாள். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். அவனும் என்ன செய்வான், அவனுக்கும் அண்ணன்தானே.

அமாவாசை நாளை மறுநாள். 'இரண்டு தம்ளர்' நாளைக்கு. சீரியலில் அவன் வந்தால் பிச்சையாவிடம் முடியாது என்று சொல்லிவிடுவது; வராவிட்டால் போவது. யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் இப்படி ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். பைத்தியக்காரத்தனம்தான். கோவிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கலாமே என்றால், அதையும் அவள் பலமுறை போட்டுப் பார்த்தாயிற்று. வெள்ளையும் வந்தது, சிவப்பும் வந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தாள். வெளியே மழை. தமிழ்செல்வன் கட்டிலில் செல்போனோடு கிடந்தான்.

வேணி டீ போட்டாள். அலமாரியிலிருந்து பித்தளைத் தம்ளரை எடுத்துக் கழுவினாள். மாரீஸ்வரி டிவிக்கு இன்னும் கிட்டத்தில் நகர்ந்தாள். அவன் தம்ளர், தன் தம்ளர் இரண்டிலும் ஊற்றி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள் வேணி. யாரும் வரவில்லை. தன்னுடையதைக் குடித்தாள். ஆடை படர்ந்ததும் புருஷனுடையதையும் எடுத்து மெதுவாகக் குடித்து முடித்தாள். கழுவி மறுபடி அலமாரியில் வைத்தாள். தினமும் இதையேதான் செய்கிறாள் என்று அப்போதுதான் காட்டினார்கள். அத்தோடு முடிந்தது.

குழு கொதித்தது. "க்யா பக்வாஸ்! இதுக்குப் போய் ரெண்டு நாளா மண்டைய ஒடச்சோமா?" என்று கத்தினாள் மெஹக். "டீ வேஸ்ட் ஆகக் கூடாதுன்னு குடிச்சிட்டா போல," என்று சிரித்தாள் விஜயராணி. "மாரி அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்? சொல்லுங்க!"

மாரீஸ்வரி செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. தினமும் அவள் மூன்று பேருக்கு வடிப்பாள். இரவில் ஒரு பங்கை மூடிவைப்பாள், ராத்திரி வண்டியில் வந்து இறங்கினால் பசியோடு வருவானே என்று. காலையில் அதில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, மகன் எழுந்திருக்கும் முன்னால் தானே தின்றுவிட்டுப் பட்டறைக்குப் போவாள். இதை ஒரு சங்கதியாக அவள் நினைத்ததே இல்லை. இன்னொருத்தி செய்வதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவன் பங்கைத் தின்றுதான் இவ்வளவு காலமும் அவன் வருவான் என்று தெம்பாக நடமாடியிருக்கிறாள்.

"எய்யா," என்றாள் மகனிடம். "சித்தப்பாவுக்கு போன் போடு. காலைல வாரோம்னு சொல்லிரு."

தமிழ்செல்வன் எழுந்து உட்கார்ந்தான். "யம்மா, சச்சி மே? நெசமாத்தானா?"

"போடுய்யா."

மாஹிம் கடற்கரையில் ஒரே கூட்டம். தூறலில் குடை பிடித்துக்கொண்டு ஐயர் அவசரமாக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ்செல்வன் ஈர வேட்டியோடு உட்கார்ந்தான். பிச்சையா பக்கத்தில் நின்றான். மாரீஸ்வரி நாலடி தள்ளி, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்பா பேரு?"

"இசக்கிதுரை."

"தவறின நாள் என்ன?"

தமிழ்செல்வன் சித்தப்பாவைப் பார்த்தான். பிச்சையா, "அது தெரியாது சாமி. ஆளு காணாமப் போயி..." என்று இழுத்தான்.

"உத்தேசமா ஒண்ணு சொல்லுங்கோ. வருஷா வருஷம் திவசம் குடுக்க வேண்டாமா?"

 மாரீஸ்வரி ஈர மணலில் இரண்டெட்டு முன்னால் வந்தாள்.

"நேத்துதான் சாமி," என்றாள்.

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.