அடிக்காமல் ஆடிய அண்ணி

போன வருடம் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் வீடியோ கேம் போட்டி நடந்தது. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் இருக்கும் வீரர்களை மோதவிடும் சண்டை விளையாட்டு. இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று அம்மா கேட்பார். தேவைதான். ஈப்போ சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் அண்ணனும் இதை ஆடியே வளர்ந்தவர்கள்.

ஓர் அணிக்கு மூன்று பேர். நான், அண்ணன், அண்ணனின் நண்பர். அடுத்த வாரம் அண்ணனுக்கு ஜொகூருக்கு வேலை மாற்றல். அதோடு எங்கள் அணி கலைந்துவிடும். கலைவதற்குள் ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று ஏங்கினோம். வழக்கம்போல குறுக்கே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

தஞ்சோங் ரம்புத்தானைச் சேர்ந்த அந்த இளைஞனை எல்லோரும் 'கூரா-கூரா' என்றுதான் கூப்பிடுவார்கள். மலாய் மொழியில் ஆமை என்று அர்த்தம். அடிக்கவே மாட்டான். குனிந்து தடுத்துக்கொண்டே இருப்பான். நாம் பொறுமை இழந்து ஓங்கி அடித்தால், அடி தவறிய அந்த நொடியில் ஓர் உதை கொடுப்பான். பிறகு மறுபடியும் ஓட்டுக்குள் போய்விடுவான். நேரம் முடியும்போது திரையில் யாருடைய வீரனுக்கு உயிர் அதிகம் மிச்சமோ அவருக்கே சுற்று. அது விதிதான், அவன் செய்ததில் தப்பில்லை. ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒவ்வொரு தடவையும் எங்களை வீட்டுக்கு அனுப்பியவன் அவன்தான்.

அன்று காலை நண்பர் போன் செய்தார். ஃபேக்டரியில் ஆள் குறைவு, வர முடியாது என்றார். மூன்று பேர் இல்லாவிட்டால் ஆட விடமாட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த தம் மனைவியை அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"பேரு மட்டும் குடு லா. நீ ஆடற மாதிரி வராது."

"வந்துருச்சினா?"

"வந்தா ஆடு. தோத்தா தோக்குது, போ."

அண்ணி சித்தியவான் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன் பெண்கள் கபடி அணியில் எதிர்ப்பக்கம் பாடிப் போய் வந்தவர். இந்த விளையாட்டை எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கற்றார். முன்னால் வருவார், பின்னால் போவார், அடிக்க மட்டும் மாட்டார். "அண்ணி, சண்டை போடுறீங்களா, டான்ஸ் ஆடுறீங்களா?" என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார்.

இறுதி ஆட்டம் வரை நானும் அண்ணனுமே சமாளித்துவிட்டோம். ஜெயித்தவர் நாற்காலியை விடாமல் ஆட, தோற்ற அணியிலிருந்து அடுத்தவர் வர வேண்டும். எதிரணியில் முதல் இரண்டு பேரை நான் மடமடவென்று முடித்தேன். மூன்றாவதாகக் கூரா-கூரா வந்து உட்கார்ந்தான். என்னைக் கோபப்படுத்தியே அனுப்பினான். அண்ணனையும் அப்படியே. மிச்சம் அண்ணிதான்.

மூன்று சுற்றில் முதலாவது அவனுக்குப் போனது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டாம் சுற்றில் அண்ணி அவன் கால் எட்டும் தூரத்துக்குச் சற்று வெளியே வந்து நின்றார். ஓர் எட்டு உள்ளே, உடனே வெளியே. மறுபடியும் உள்ளே, வெளியே. பின்னால் நின்ற எனக்கு ஏதோ முணுமுணுப்பு கேட்டது. குனிந்து காது கொடுத்தேன். "கபடி கபடி கபடி" என்று உதட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தார்.

அவன் உதைத்தான். அண்ணி அங்கே இல்லை. உதை வீணாகிப் போன அந்த நேரத்தில் ஒரு குத்து விட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். இப்போது உயிர் அதிகம் அண்ணிக்கு. நேரம் ஓடியது. வேறு வழியில்லாமல் அவன் ஓட்டை விட்டு வெளியே வந்தான், வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கடைசிச் சுற்றில் அவன் உஷாராகி, குனிந்தபடி அசையாமல் இருந்தான். அண்ணி நேரே நடந்துபோய் அவன் முன்னால் நின்றார். எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அடி வரும் என்று அவன் தடுத்துக்கொண்டிருக்க, அப்படியே பிடித்துத் தூக்கிப் போட்டார். தடுப்பு அடியைத்தான் நிறுத்தும், பிடியை நிறுத்தாது. இது எங்களுக்கும் தெரியும். ஆனால் பிடிக்கக் கிட்டே போனால் முந்திக்கொண்டு உதைப்பானே என்ற பயத்தில் நாங்கள் நெருங்கியதே இல்லை. அண்ணியிடம் அது பலிக்கவில்லை. அவன் உதைத்தபோதெல்லாம் அவர் ஓர் எட்டு பின்னால் இருந்தார். அவன் சும்மா இருந்தபோதெல்லாம் தூக்கிப் போட்டார். அவன் அடுத்து என்ன செய்வான் என்று யாரோ காதில் சொல்வது போல ஆடினார்.

ஜெயித்துவிட்டோம். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கூரா-கூராதான் முதலில் எழுந்து அண்ணிக்குக் கை கொடுத்தான்.

"அக்கா, நான் அமுத்தப் போறது ஒங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சிச்சு?"

"நீ ஒதைக்கறதுக்கு முன்னாடி மூச்சப் புடிக்கிற தம்பி. தோளு லேசா ஏறுது. பக்கத்துலதானே ஒக்காந்திருக்கேன், ஓரக்கண்ணுல தெரியுது லா. கபடில புடிக்க வாரவங்களும் அப்படித்தான்."

அவன் தன் தோளையே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இத்தனை காலமும் திரையையே முறைத்துக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்து நாற்காலியில் ஒரு மனிதன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான் என்பது தோன்றவே இல்லை.

அண்ணனும் அண்ணியும் இப்போது ஜொகூரில். நான் இங்கே ஒரு பல் கிளினிக்கில், வருகிற நோயாளிகளைப் பதிவு செய்யும் முன்மேசை வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உம்மென்று நிற்பவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்து நானும் சுள்ளென்று பேசிவிடுவேன். இப்போது முதலில் அவர்கள் தோளைப் பார்க்கிறேன். என் எதிரே எத்தனை பேர் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தெரிகிறது.