முயலை வலமாகத்தான் கூட்டிப்போனேன்

இன்று தில்லை நகர் பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருந்தோம். பேத்தி மீனு தன் கையடக்க வீடியோ கேமை என்னிடம் நீட்டினாள்.

திரையில் விரலால் கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோட்டிலேயே முயல் நடந்து, நேரம் முடிவதற்குள் வீடு சேர வேண்டும்.

முதலிடத்தில் என் நாத்தனார் சரோஜாவின் பெயர் இருந்தது. என் தலைப்பொங்கலன்று பொங்கல் அடிப்பிடித்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொன்னவள். அடிப்பிடிக்கவில்லை.

அவளைக் கீழே இறக்காமல் பல்லைப் பிடுங்கிக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன்.

நடுவில் ஒரு கோபுரம் இருந்தது. அதை வலமாகச் சுற்றிக் கோடு போட்டேன். மூன்று முறையும் நேரம் முடிந்து, முயல் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது.

"பாட்டி, இடது பக்கமா போங்க. அதான் கிட்ட."

"கோயிலை யாருடி இடமா சுத்துவாங்க?"

"அது கோயில் இல்ல பாட்டி, ராட்சசன் கோட்டை."

"மேல கலசம் இருக்கு பாரு."

"சரோஜா பாட்டி இடது பக்கமாதான் போனாங்க. ஒரே தடவைல ஜெயிச்சிட்டாங்க."

"இடமாவா?"

"ஆமா."

கேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதலிடத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும். ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், கோபுரத்தை இடமாகச் சுற்றியிருக்கிறாள்.

இதை நான் வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. இங்கே மட்டும்தான் எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் படித்ததும் 'படித்தேன்' என்று கீழே கமெண்ட் போடவும்.