கடல் தொட்டிக்கு நல்ல தண்ணீர்

கண்ணாடித் தொட்டியின் மேல் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் இப்போதும் காலையில் குசினிக்குப் போகிறேன். புளியங்கூடலில் எங்கள் வீட்டு முன்னறையில், முன்பு தொலைக்காட்சி இருந்த இடத்தில் அந்தத் தொட்டி இருக்கிறது. உள்ளே கடற்கரையில் பொறுக்கிய முருகைக்கற்கள், ஒரு கல்லைப் பற்றிக்கொண்டு விரல் விரலாக அசையும் ஒரு கடற்சாமந்தி, அதற்குள் ஒளிந்து விளையாடும் ஒரேயொரு செம்மஞ்சள் மீன். வருகிறவர்கள் நல்ல வடிவு என்பார்கள். நானும் ஓம் என்று சொல்லிவிடுவேன். அது எங்களை என்ன பாடு படுத்தியது என்று வந்தவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

என் கணவர் கப்பலில் வேலை செய்தவர். எஞ்சின் அறை. கலியாணமான நாளிலிருந்து அவர் எனக்குப் பெரும்பாலும் தொலைபேசியில் வரும் குரல்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்று வந்தபோது, இனியாவது வீட்டில் பேச்சுத்துணை இருக்கும் என்று ஆசைப்பட்டேன். இவர் வந்தார், கதிரையில் இருந்தார், அவ்வளவுதான். எஞ்சின் இரைச்சலுக்குள் காலம் போக்கியவர்களுக்குப் பேசும் பழக்கமே விட்டுப்போகும் போலிருக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பழகியிருந்தது. ஆளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பது பழகவில்லை.

ஒருநாள் யாழ்ப்பாணத்தில் கண்ணாடி வெட்டுவித்து இந்தத் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். எதற்கென்று கேட்டேன். "கடலுக்கு மேலயே காலம் போயிட்டுது. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு ஒருநாளும் பாக்கேல்லை" என்றார். வந்த பிறகு அவர் என்னிடம் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

தொட்டி நிறைந்த அன்றே மீன்களை விட்டார். கல்லைப் போட்டுத் தண்ணீரை வாரக்கணக்கில் சும்மா ஓடவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும் என்பது அவை செத்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை, மழை விட்ட கையோடு இறங்குதுறையடியில் தண்ணீர் அள்ளினார். மழைவெள்ளம் கலந்து உப்புக் குறைந்த தண்ணீர் அது. முதல் வாங்கிய கடற்சாமந்தி சுருங்கிக் கரைந்து போனது. இதெல்லாம் எந்த ஊரில் யார் தொடங்கினாலும் விடுகிற பிழைகள். தண்ணீருக்குக் கஷ்டப்படும் எங்களைப் போன்ற தீவாருக்கே உரிய பிழை பிறகுதான் வந்தது.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஈரம் எங்கும் நிற்காது. தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு நாளும் இறங்கும். இறங்கிய அளவுக்கு இவர் கடல்தண்ணீரையே விட்டார். கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. நல்ல தண்ணீர் அப்படியில்லை. எங்கள் கிணறு உவர். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் லொறியில் வருகிற தண்ணீரை ஒழுங்கை முகப்பில் வரிசையில் நின்று பிடித்து, கான்களில் நான்தான் தூக்கிவருவேன். மீன்கள் மறுபடியும் ஒவ்வொன்றாக மிதந்தன. கடைசியில் மிஞ்சிய ஒன்றும் தீனி எடுக்காமல் மூலையில் கிடந்தது. இவர் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு அதன் முன்னாலேயே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்பவில்லை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"குழம்பு வத்தினால் உப்புக் கரிக்கும். அதுக்குள்ள திரும்பவும் உப்புத் தண்ணியை விட்டால் என்ன நடக்கும்? வத்தினது நல்ல தண்ணி. அதைத்தானே விடவேணும்? பொயிலரோட சீவிச்ச உங்களுக்கு இது தெரியாதோ?"

"தெரியும்" என்றார், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பிறகேன் விடேல்லை?"

"நீர் வெயிலுக்கை நிண்டு சுமந்துவாற தண்ணி. மீனுக்கு விடத் தாரும் எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது?"

குசினிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். மீன் திடுக்கிடக் கூடாதென்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாட்கணக்கில் விட்டார். மீன் மூலையை விட்டு வெளியே வந்தது. அதே கிழமை பின்னேரத் தேநீர் வேண்டாம், நெஞ்செரிகிறது என்றார். நெஞ்செரிவு ஒன்றுமில்லை. தன் பங்குத் தண்ணீரைத் தொட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தார். நான் கண்டுகொண்டதாகக் காட்டவில்லை. பவுசரடிக்கு இன்னொரு கானையும் சேர்த்துக் கொண்டுபோகத் தொடங்கினேன். அந்தக் கானை அவர் வாசலில் கண்டார். அன்று பின்னேரம் பார்த்தால், தொட்டிக்கு முன்னால் இரண்டாவது கதிரை போட்டிருந்தது. நான் வைத்த தேநீரையும் மறுக்காமல் குடித்தார். அதன் பிறகு பின்னேரங்களில் இரண்டு பேரும் அங்கே இருப்போம். பேச்சு அப்போதும் இல்லை. ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

அவருக்கு இருதயம் பழுதாகியிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் நீர் கோத்துவிட்டது, தண்ணீர் மிக அளவாகத்தான் கொடுக்கலாம் என்று விளக்கிச் சொன்னார்கள். அவருடைய நன்மைக்குத்தான் சொன்னார்கள். அன்றைய அளவு முடிந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், கொஞ்சம் தண்ணி தாரும்."

எங்கள் சீவியத்தில் அவர் என்னிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். கட்டிலருகே என் போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். "காணாது" என்றார். தலையைத் தடவிக்கொண்டு, இதுக்கு மேல ஏலாதாம் என்றேன். சரி என்பதுபோல் கண்ணை மூடினார். மறுநாள் போய்விட்டார்.

செத்தவீட்டுச் சனம் கலைந்த பிறகு பார்த்தேன். தொட்டியில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது, மீன் உயிரோடு இருந்தது. அன்றிலிருந்து நான்தான் பார்க்கிறேன். எவ்வளவு விடவேண்டும், எப்போது விடக்கூடாது என்றெல்லாம் கைப்பழக்கமாகிவிட்டது. பவுசர் வந்தால் பழையபடி எல்லாக் கான்களையும் பிடித்துவருகிறேன். குறைத்துப் பிடிக்க மனம் வருவதில்லை. எனக்குச் சமைத்து, தேநீர் வைத்து, மீனுக்கும் விட்ட பிறகும், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீர் மிஞ்சிக் கிடக்கிறது.