துடைக்காத வீட்டுக்குப் பச்சை

காட்டுத்தீ மலையிலிருந்து இறங்கி வந்து, மேல்தெருவை மட்டும் தின்றுவிட்டு, மற்ற தெருக்களை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. தின்ற தெருவில் சோதிக்க ஒன்றும் மிச்சமில்லை. மோந்த தெருக்களில்தான் இன்ஸ்பெக்டருக்கு வேலை.

இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியையும் லத்தியையும் நினைத்துப் பயப்பட வேண்டாம். இவர் மின்சார ஆபீஸ் இன்ஸ்பெக்டர். வீட்டு வயரிங்கைச் சோதிப்பவர். கையில் டார்ச், சட்டைப்பையில் டெஸ்டர், தோளில் மெகர் என்கிற கனத்த பெட்டி. அதன் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால், சுவருக்குள் ஓடும் வயர் நலமா, இல்லை நாளை எண்ணிக்கொண்டிருக்கிறதா என்று உள்ளே இருக்கும் முள் சொல்லிவிடும். அதற்கப்புறம் ஸ்டிக்கர். பச்சை ஒட்டினால் அந்த வீட்டுக்கு கரண்ட் வரும். சிவப்பு ஒட்டினால், கோளாறைச் சரிசெய்து மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஊரில் அவருக்கு முகத்துக்கு நேரே 'சார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் 'சிவப்பு'.

மகான்களின் சரித்திரத்தில் சின்ன வயதிலேயே ஏதாவது ஓர் அறிகுறி தெரிந்திருக்கும். இவருடைய சரித்திரத்தில் அது கொஞ்சம் தாமதமாக, கல்யாணத்தன்று தெரிந்தது. கல்யாண போட்டோ ஒன்றில்கூட அவர் பெண்ணைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் அண்ணாந்துதான் நிற்கிறார். மாப்பிள்ளைக்கு ரொம்ப வெட்கம் என்று பெண் வீட்டார் பூரித்துப்போனார்கள். உண்மையில் மண்டபத்தின் சீரியல் லைட்டில் யாரோ டேப் சுற்றாமல் வயரை வெறுமனே முறுக்கி விட்டிருந்தார்கள். "என் தலைக்கு மேல தொங்கினதாலதான் பார்த்தேன்" என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனைவி இன்றைக்கும் நம்பவில்லை.

தீ அணைந்த பிறகு அவருக்கு வந்து சேர்ந்த பெரிய எதிரி தீயல்ல, சுத்தம்.

விஷயம் இதுதான். கூரைக்கு மேலே நெருப்பு போகும்போது, புகை கூரைக்குள் புகுந்து, வயர் ஓடும் குழாய் வழியாக இறங்கி, சுவிட்ச் போர்டைச் சுற்றிச் சுவரில் கருவளையம் போட்டுவிடும். அந்தக் கருவளையம்தான் இன்ஸ்பெக்டருக்கு ஜாதகம். எந்தக் குழாய் வழியாகச் சூடு வந்தது, எந்த வயரை இழுத்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். காய்ந்த கரியை பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போய்விடும். ஈரத் துணியால் துடைத்தாலோ கரி கரைந்து பிளக் ஓட்டைக்குள் இறங்கி, கரண்ட் போகக் கூடாத வழியில் போக ஒரு நல்ல ரோடு போட்டுக் கொடுத்துவிடும்.

ஆனால் அந்த ஊர் மரியாதை தெரிந்த ஊர். ஆபீஸிலிருந்து ஒரு மனுஷர் வீடு பார்க்க வருகிறார் என்றால் வீட்டை எப்படி அழுக்காக வைத்திருப்பது? அவர் தெருமுனையில் திரும்புவதற்குள் வீடு வீடாக வாளியும் துணியும் வெளியே வந்துவிடும். போர்டு போர்டாகச் சோப்புத் தண்ணீரில் குளித்து, தலைசீவாத குறையாக நிற்கும்.

"எப்படி இருக்கு, பார்த்தீங்களா?" என்றாள் இன்ஸ்பெக்டரின் எதிர்வீட்டு அத்தை, தன் வீட்டு போர்டைக் காட்டி. "எங்க வீட்டுக்காரரைக்கூட நான் இப்படித் தேய்ச்சதில்ல."

"அவரைத் தேய்ச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, அத்தை" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் சிவப்பை ஒட்டினார்.

அத்தை அன்றிலிருந்து அவர் வீட்டுக்குத் தயிர் கொடுப்பதை நிறுத்தினாள்.

அந்தத் தெருவின் முதல் பச்சை யாருக்குப் போனது என்பதுதான் பெரிய ரணம். தெருக்கோடியில் ஒரு கடிகார ரிப்பேர்காரர் தனியாக இருந்தார். எந்தக் கடிகாரத்தைக் கொடுத்தாலும் 'நாளைக்கு வாங்க' என்பதால் அவர் பெயரே 'நாளைக்கு' ஆகிவிட்டது. தீக்கு முன்னாலேயே அவர் வீடு தீப்பிடித்த வீடு மாதிரிதான் இருக்கும். தீ வந்து போனதும் நல்லதொரு சாக்குக் கிடைத்து, வாசல் பெருக்குவதையும் விட்டுவிட்டார். அவர் வீட்டில் ஒவ்வொரு போர்டைச் சுற்றியும் கருவளையம் அச்சடித்த மாதிரி அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் படித்து, பிரஷ்ஷால் தட்டி, ஒரே ஒரு வயரை மாற்றச் சொல்லி, அதையும் கூடவே நின்று மாற்ற வைத்து, பச்சை ஒட்டிவிட்டு, மனசார ஒரு பெருமூச்சு விட்டார்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க."

"துடைக்கணும்னுதான் இருந்தேன் அண்ணே" என்றார் 'நாளைக்கு', கூச்சத்தோடு. "நாளைக்கு."

அன்று மாலை அவர் வீட்டு விளக்கு மட்டும் எரிந்தது. தெருவே இருட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த விளக்கைத் திட்டியது.

இன்ஸ்பெக்டர் வீட்டிலும் கரண்ட் இல்லை. தன் வீட்டுக்குத் தானே ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். ஒட்ட வேண்டியவர் பக்கத்துப் பிரிவின் இன்ஸ்பெக்டர் மேடம். இந்த இடத்தில் ஒரு சிறு பூர்வகதை. மேடத்தின் வீடும் புகை மோந்த வீடுதான். அதைச் சோதித்தவர் நம் இன்ஸ்பெக்டர். மேடத்தின் கணவர் ஆசையாக போர்டுகளைச் சுற்றிப் புது பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். அதற்குக் கிடைத்த பரிசு சிவப்பு. "வரிசைன்னா வரிசைதான், மேடம்" என்று இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை வேறு உதிர்த்துவிட்டு வந்திருந்தார்.

இருட்டு என்றால் இன்ஸ்பெக்டர் சமாளித்துக்கொள்வார். மனைவிக்குத்தான் கழுத்துக்கு மேல் வெள்ளம். அவள் முன்னறையில் தையல் போட்டிருப்பவள். மேல்தெருப் பிள்ளைகள் உடுத்தியிருந்த துணியோடு ஓடி வந்தவர்கள். திங்கட்கிழமை பள்ளி திறக்கும்போது அத்தனை பேருக்கும் புதுச் சீருடை தைத்துத் தருவதாகத் தலைமையாசிரியையிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். வெட்டிய துணி மூட்டை மூட்டையாக முன்னறையில் கிடந்தது. மோட்டார் மிஷின் அதன் நடுவில் ஊமையாக நின்றது. பழைய கால் மிஷினை விற்கச் சொல்லி, "மோட்டார்தான் பாதுகாப்பு, காலும் வலிக்காது" என்று பிரசங்கம் செய்தது யார் என்பதை அவள் நாளொன்றுக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்தினாள்.

"கையாலதான் தைச்சுப் பாரேன்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"தைக்கிறேன். இந்தப் பிள்ளைங்க கல்யாணத்துக்கு நிக்கும்போது சட்டை கிடைக்கும். பரவாயில்லையா?"

அப்படிப்பட்டவள் ஒரு தவம் செய்தாள். அந்தத் தெருவிலேயே சுத்தத்துக்குப் பேர் போனவள் அவள். சுவரில் ஈ உட்கார்ந்தாலும் அது காலைத் துடைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆனாலும் புருஷன் சொல்லிவிட்டார் என்பதற்காக, முன்னறை போர்டைச் சுற்றியிருந்த கருவளையத்தை விரலால்கூடத் தொடவில்லை. பார்க்கச் சகிக்காமல் அதன்மேல் ஒரு காலண்டரை மட்டும் மாட்டினாள். யாராவது வீட்டுக்கு வந்தால் அந்தக் காலண்டருக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள். சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கக்கூட நகர மாட்டாள்.

மேடம் வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமையும் வந்தது. காலையில் மனைவி குளிக்கப் போயிருந்தாள். இன்ஸ்பெக்டர் கடமையாகக் காலண்டரைக் கழற்றினார்.

வெள்ளைவெளேரென்ற சுவரில் கன்னங்கரேலென்று கருவளையம். அவர் ஆயிரம் வீட்டில் பார்த்ததுதான். ஆனால் அதெல்லாம் ஊரார் சுவர். இது தன் சுவர். இன்னும் சற்று நேரத்தில் மேடம் இங்கே வந்து நிற்பாள். சீனியர் இன்ஸ்பெக்டர் வீடு இந்த லட்சணமா என்று நினைப்பாள். ஆபீஸில் போய்ச் சொல்வாள். சொல்லும்போது சிரிப்பாள்.

மொத்தத்தையும் துடைக்க அவருக்கு எண்ணமில்லை. அவ்வளவு விவரம் இல்லாதவரா? ஓரத்தில் மட்டும், கொஞ்சம் அசிங்கமாக வழிந்திருந்த இடத்தில் மட்டும், லேசாக. பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மேஜைமேல் இருந்த டம்ளர் தண்ணீரில் ஒரு நுனியை நனைத்தார். ஓரம் வெளுத்தது. அப்போது பக்கத்து இடம் முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. அதையும் துடைக்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் வெளுத்தால் மறுபக்கம் கோணலாகத் தெரியுமே, அதையும். இப்படியாக, ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடந்ததோ அது, அதே வரிசைப்படி, ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர் வீட்டிலும் நடந்து முடிந்தது. கைக்குட்டையைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்தார்.

மனைவி குளித்துவிட்டு முன்னறைக்கு வந்த அதே நேரத்தில் மேடம் வந்தாள். காபி வேண்டாம் என்றாள். நேராக போர்டுக்குப் போனாள். டார்ச் அடித்தாள். குனிந்தாள். மூக்கை வைத்து மோந்தாள். ஸ்க்ரூவைக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு கறுப்புச் சொட்டு நிதானமாகச் சுவரில் இறங்கியது. மெகரை மாட்டிச் சுற்றினாள். முள் எழுந்திருக்கவே இல்லை.

"என்னக்கா இது?" என்றாள் மேடம், மனைவியைப் பார்த்து. "நீங்களுமா? சார் வீட்டம்மா நீங்களே இப்படிச் செய்யலாமா?"

மனைவிக்கு முகம் சிவந்தது. "நானா? நான் அதைத் தொடவே இல்லம்மா! இத்தனை நாளும் அதைப் பார்த்தா எனக்குச் சோறு இறங்கல. ஆனா தொடல. கேட்டுப் பாரு இவரை!"

இரண்டு பெண்களும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்வது என்றுதான் அவர் முடிவு செய்திருந்தார். எப்போது என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை. அதற்குள் வியர்த்துக் கொட்டியது. பழக்க தோஷத்தில் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஒரு காதிலிருந்து மறு காது வரை மை தீட்டிய மாதிரி கோடு விழுந்தது.

மேடம் அந்தக் கோட்டையும் கைக்குட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓரத்துல மட்டும்தான்..." என்றார் இன்ஸ்பெக்டர்.

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு, சிவப்பு ஸ்டிக்கரை வாசல் கதவில், நடு உயரத்தில், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டினாள். அவ்வளவு அழகாக ஒட்டிய ஸ்டிக்கரை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"மேடம், திங்கட்கிழமை பள்ளிக்கூடம்..."

"வரிசைன்னா வரிசைதான், சார்."

சேதி காற்றைவிட வேகமாகத் தெருவில் ஓடியது. எதிர்வீட்டு அத்தை கதவருகே வந்து ஸ்டிக்கரைச் சிலை பார்க்கிற மாதிரி நின்று பார்த்தாள். மாலையில் தயிர்ச் செம்பு வந்தது, பழைய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

மனைவி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அதுதான் அவருக்குக் கிலி. அவள் மிஷினைச் சுற்றிப் படுக்கை விரிப்பால் ஒரு கட்டுக் கட்டினாள். "தூக்குங்க" என்றாள்.

"எங்க?"

"இந்தத் தெருவுல விளக்கு எரியுற வீடு எது?"

'நாளைக்கு' கதவைத் திறந்ததும் பதறிப்போனார். "அண்ணி! வாங்க, வாங்க. வீடு கொஞ்சம் அப்படி இப்படி..."

"தெரியும். நகருங்க."

அவள் ஒரே ஒரு கணம் அந்த அறையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். இடது கை தன்னால் முந்தானையை இழுத்து, போர்டைச் சுற்றி மிச்சமிருந்த கறைப் பக்கம் நீண்டது.

"அதைத் தொடாதே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் திரும்பி அவர் நெற்றியை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே மிஷினுக்கு பிளக் தேடப் போனார்.

சுவரெல்லாம் விரிப்பு தொங்கியது, தரையெல்லாம் பாய் விரிந்தது. வெள்ளைச் சட்டைகள் அந்தக் கரி வீட்டில் ஒரு புள்ளிகூடப் படாமல் வெளியே வர வேண்டும். வெள்ளி மாலையிலிருந்து மிஷின் ஓட ஆரம்பித்தது. 'நாளைக்கு' தன் வாழ்க்கையில் முதல்முறையாக, அன்றைக்கே ஒரு வேலையைச் செய்ய ஒப்புக்கொண்டார்: பட்டன் தைப்பது. கடிகாரம் பார்க்கும் கண்ணாடியை ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பட்டனையும் ஏதோ உயிருள்ள யந்திரம் மாதிரி பொருத்தினார்.

"இப்படிப் பார்த்துப் பார்த்துத் தைச்சா எப்பங்க முடியும்?" என்றாள் மனைவி.

"அண்ணி, இந்தப் பட்டன் அறுந்தா என் பேரை மாத்திக்கிறேன்."

"உங்க பேரை மாத்தினா ஊரே சந்தோஷப்படும்."

இஸ்திரி இன்ஸ்பெக்டர் பொறுப்பு. முதலில் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சோதித்தார். பிளக்கைச் சோதித்தார். எர்த் இருக்கிறதா என்று பார்த்தார். "சட்டையை எப்பத் தேய்ப்பீங்க, பிள்ளைங்க வளர்றதுக்குள்ளயா?" என்ற குரல் வந்த பிறகு சட்டையைத் தேய்த்தார். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் கடைசிச் சட்டையும் மடிப்புக் கலையாமல் அடுக்கில் ஏறியது. மூட்டைகளைத் தலைமையாசிரியை வந்து வாங்கிக்கொண்டு போனபோது, மனைவி 'நாளைக்கு'வின் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து, கால் நீட்டி, ஒரு டம்ளர் டீ குடித்தாள். பின்னால் இருந்த சுவரில் சாய்ந்தும்கொண்டாள். ரவிக்கையில் கரி பட்டதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வெள்ளைவெளேரென்று தெருவில் இறங்கிப் போனார்கள். ஒரு சின்னவள் மட்டும் தன் பட்டனை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே போனாள். அது அசையவில்லை.

வரிசை நகர்ந்து, இன்ஸ்பெக்டர் வீட்டுக்கும் ஒருநாள் பச்சை வந்தது. ஒட்டியதும் அதே மேடம்தான். இந்த முறை காபியும் குடித்தாள், இரண்டு தடவை. கதவிலிருந்த சிவப்பை மனைவி தூக்கிப்போடவில்லை. நகக்கண்ணால் பொறுமையாக உரித்தெடுத்து, அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேரெதிரே சுவரில் ஒட்டிவைத்தாள். அதை இன்றைக்கும் தினமும் பளபளவென்று துடைத்து வைக்கிறாள், காய்ந்த துணியால்.